கொதிக்கும் காரும் கொடுக்காத கூலியும்

பௌர்ணமி அன்று மாலையில் வேங்கிக்கால் பக்கம் வேலூர் சாலையோரம் நின்று பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. கிரிவலத்துக்கு வரும் கார்கள் ஒன்றின் பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருக்கும். அவற்றில் ஒன்று மட்டும் ஓரம் கட்டி, பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும். உள்ளேயிருந்து குபுகுபுவென்று ஆவி வரும். பின் இருக்கையில் பாட்டி முந்தானையால் விசிறிக்கொள்வார். டிரைவர் கையில் தண்ணீர் பாட்டிலோடு யோசித்துக்கொண்டிருப்பார்.

இரண்டு நிமிடத்தில் நான்கு பேர் கூடிவிடுவார்கள். நான்கு பேரும் நான்கு வைத்தியம் சொல்வார்கள்.

"தண்ணி ஊத்துங்கண்ணா, சரியாப் போயிடும்."

"ஃபேன் போயிருக்கும். புதுசு மாத்திடுங்க."

"தெர்மோஸ்டாட்டக் கழட்டிப் போட்டுட்டு ஓட்டுங்க. நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு?"

"ஃபேனுக்கு டைரக்டா லைன் குடுத்துட்டா பிரச்சினையே இல்லண்ணா."

இந்த நால்வரும் கெட்டவர்கள் அல்ல. முன்பின் தெரியாத ஒருவருக்கு உதவத்தான் வந்திருக்கிறார்கள். ஆனால் நால்வரில் ஒருவர்கூட, "எப்பண்ணா கொதிக்க ஆரம்பிச்சுது?" என்று கேட்கவில்லை. கார் கொதிப்பதைவிடப் பெரிய கோளாறு இதுதான். சாலையோரத்தில் மட்டுமல்ல, பல ஒர்க்‌ஷாப்களிலும் இந்தக் கேள்வி கேட்கப்படுவதில்லை. கேட்கப்படாததற்கு மெக்கானிக் மட்டும் காரணம் இல்லை. வண்டிக்காரரும் காரணம்.

வெப்பம் எங்கே போகிறது?

எரிபொருளில் இருக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் பயனுள்ள வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாகச் சூடான புகையாக வெளியே போகிறது. மீதியில் பெரும்பகுதி இன்ஜினின் உடம்பில் தங்கிவிடுகிறது. அதை வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதுதான் கூலண்டின் வேலை.

வழி இப்படி. வாட்டர் பம்ப் கூலண்டைத் தள்ளுகிறது. அது சிலிண்டர்களைச் சுற்றி வந்து சூடாகிறது. வழியில் தெர்மோஸ்டாட் என்ற சிறிய வால்வு இருக்கிறது. அதற்குள் இருக்கும் மெழுகு உருகி விரியும்போது கதவு திறக்கும். பல கார்களில் இது 82 முதல் 88 டிகிரி செல்சியஸ் அளவில் திறக்க ஆரம்பிக்கும். பிறகு கூலண்ட் ரேடியேட்டருக்குள் போய், காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பும். வண்டி ஓடும்போது காற்று தானாக வரும். வண்டி நிற்கும்போது காற்றை இழுத்துக் கொடுக்க ஒரு மின்விசிறி இருக்கிறது. கூலண்ட் 95 டிகிரியை ஒட்டி வரும்போது அது சுற்றத் தொடங்கும்.

மேலே ஒரு மூடி. அது வெறும் மூடி அல்ல, பிரஷர் குக்கரின் வெயிட் போன்றது. உள்ளே வெளிக்காற்றைவிடச் சுமார் ஒரு பார் அழுத்தம் கூடுதலாக இருக்கும்படி அது பிடித்துக்கொள்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் தேய்ந்து அழுத்தம் கசிந்தால், அதே தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதித்துவிடும். சில நூறு ரூபாய் மூடியின் கோளாறுக்காகப் பல ஆயிரம் ரூபாய் ரேடியேட்டர் மாற்றப்படுவது இப்படித்தான்.

வெயிலுக்கும் இதில் பங்குண்டு. மார்கழியில் வெளிக்காற்று 25 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 95 டிகிரி கூலண்டுக்கும் அதற்கும் 70 டிகிரி வித்தியாசம். அக்னி நட்சத்திரத்தில் வெளியே 40 டிகிரி என்றால் வித்தியாசம் 55 ஆகிவிடுகிறது. அதாவது ரேடியேட்டரின் திறனில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. நல்ல நிலையில் உள்ள காருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. பாதி அடைத்துப்போன ரேடியேட்டரோடு மார்கழியில் எப்படியோ சமாளித்த கார்தான் மே மாதத்தில் மாட்டிக்கொள்ளும். வெயில் நோயைக் கொண்டுவருவதில்லை. ஏற்கனவே இருந்த நோயைக் காட்டிக்கொடுக்கிறது.

முதல் கேள்வி: எப்போது?

டாக்டரிடம் காய்ச்சல் என்று போனால் அவர் முதலில் கேட்பது, "எப்போதிலிருந்து? காலையிலா, மாலையிலா? குளிர் நடுக்கம் இருக்கிறதா?" என்பதுதான். காரின் காய்ச்சலுக்கும் இதே கேள்விதான் தொடக்கம். ஒரு ஸ்பேனரைக்கூடக் கையில் எடுக்காமல் பாதி விடையை இதிலேயே பெற்றுவிடலாம்.

நெரிசலில் ஊரும்போதும், சிக்னலில் நிற்கும்போதும் மட்டும் முள் ஏறுகிறது. சாலை காலியாகி வேகம் பிடித்ததும் இறங்கிவிடுகிறது. இப்படியானால் கூலண்ட் ஓட்டம் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. இல்லாமல் போனது காற்று. சந்தேகம் விசிறி மீது விழ வேண்டும். பௌர்ணமிக் கூட்டத்திலும் கார்த்திகை தீபத்தன்றும் ஊர் எல்லையில் நிற்கும் கார்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அதுவரை நெடுஞ்சாலையில் எதிர்காற்றே விசிறியின் வேலையைச் செய்து வந்திருக்கும். ஊருக்குள் நுழைந்ததும் குட்டு வெளிப்படும்.

ஊருக்குள் ஒன்றும் இல்லை, ஆனால் 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஏறுகிறது. அல்லது போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஜவ்வாது மலை ஏறும்போது ஏறுகிறது. இங்கே விசிறியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வெப்பம் அதிகமாக உண்டாகிறது, கூலண்ட் அதைச் சுமந்து செல்ல முடியவில்லை. ரேடியேட்டரின் உட்குழாய்கள் அடைத்திருக்கலாம். தெர்மோஸ்டாட் அரைகுறையாகத் திறக்கலாம். வாட்டர் பம்பின் இறகுகள் அரித்துப்போயிருக்கலாம். கீழ் ஹோஸ் வலுவிழந்து, இன்ஜின் வேகம் எடுக்கும்போது உள்வாங்கி ஒட்டிக்கொள்ளலாம்.

காலையில் ஸ்டார்ட் செய்து ஐந்து பத்து நிமிடத்துக்குள்ளேயே ஏறிவிடுகிறது என்றால், கூலண்ட் குறைவு, மூடிய நிலையில் சிக்கிய தெர்மோஸ்டாட், சமீபத்தில் கூலண்ட் மாற்றியிருந்தால் உள்ளே சிக்கிய காற்று, இம்மூன்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வெளியே ஒரு சொட்டுகூடக் கசியவில்லை, ஆனால் வாரத்துக்கு அரை லிட்டர் கூலண்ட் காணாமல் போகிறது. இதுதான் பயப்பட வேண்டிய வகை. ஹெட் கேஸ்கட் விட்டிருந்தால் கூலண்ட் சிலிண்டருக்குள் போய் ஆவியாகிவிடும். சைலன்சரில் சூடேறிய பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, ரிசர்வ் டேங்கில் இடைவிடாத குமிழ்கள், ஆயில் மூடியில் பால் போன்ற நுரை ஆகியவை அதன் அறிகுறிகள்.

இந்த நான்கு நிலைகளுக்கும் மருந்து வேறு வேறு. நான்குக்கும் ஒரே பதிலாக "தண்ணி ஊத்துங்க" என்பது, தலைவலிக்கும் கால்முறிவுக்கும் ஒரே மாத்திரை கொடுப்பது போலத்தான்.

விசிறி சுற்றவில்லை, அதனால்?

விசிறி சுற்றவில்லை என்பது அறிகுறி. அதையே நோய் என்று எடுத்துக்கொள்வதால்தான் புது விசிறி வாங்கப்படுகிறது, பழைய பிரச்சினை அப்படியே இருக்கிறது.

ஏ.சி. உள்ள காரில் ஒரு சுலபமான சோதனை உண்டு. இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போட வேண்டும். பெரும்பாலான கார்களில் ஏ.சி. போட்டதும் சிறிது நேரத்தில் விசிறி சுற்ற வேண்டும். சுற்றினால் மோட்டார் உயிரோடு இருக்கிறது, அதற்கு மின்சாரமும் வருகிறது. கோளாறு வெப்பத்தை அறிந்து சொல்லும் சென்சார் பக்கம் இருக்கலாம். சில கார்களில் ஏ.சி.க்குத் தனி விசிறி, ரேடியேட்டருக்குத் தனி விசிறி என்று இரண்டு இருக்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

ஏ.சி. போட்டும் சுற்றவில்லை என்றால் வரிசையாகப் போக வேண்டும். முதலில் ஃபியூஸ். அதன் விலை பத்து இருபது ரூபாய். அடுத்து ரிலே. பெட்டியில் அதே எண்ணுள்ள வேறொரு ரிலே, உதாரணமாக ஹாரனுடையது, இருந்தால் மாற்றிச் செருகிப் பார்க்கலாம். அடுத்து விசிறியின் கனெக்டர். சூட்டில் உருகி, கறுத்து, பச்சை பிடித்திருக்கும் கனெக்டர்கள் ஏராளம். அங்கே மல்டிமீட்டரை வைத்து, விசிறி ஓட வேண்டிய நேரத்தில் 12 வோல்ட் வருகிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் இருந்தும் விசிறி சுற்றவில்லை என்றால்தான் மோட்டார் குற்றவாளி. லேசாகத் தட்டினால் சுற்றத் தொடங்குகிறது என்றால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது.

மின்சாரமே வரவில்லை என்றால் பின்னோக்கிப் போக வேண்டும். பழைய கார்களில் ரேடியேட்டரிலேயே ஒரு தெர்மோ சுவிட்ச் இருக்கும். புதிய கார்களில் சென்சார் வெப்பத்தைக் கணினிக்குச் சொல்லும், கணினி ரிலேயைப் போடும். பல சென்சார்களில் 20 டிகிரியில் சுமார் 2,000 முதல் 2,500 ஓம் வரை மின்தடை இருக்கும். 80 டிகிரியில் அது 300 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். வெந்நீரில் சென்சாரை முக்கி மீட்டரை வைத்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். இன்னொரு வழி, சென்சார் கனெக்டரைக் கழற்றிப் பார்ப்பது. பல கார்களில் சென்சார் இல்லை என்று தெரிந்தவுடன் கணினி பாதுகாப்புக்காக விசிறியை ஓடவிடும். அப்படி ஓடினால் கணினி, ரிலே, மோட்டார் மூன்றும் ஒரே நொடியில் விடுதலை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சுவிட்ச் ரேடியேட்டரில் இருக்கும் காரில், தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிக்கொண்டால், இன்ஜின் கொதிக்கும், ரேடியேட்டரோ குளிர்ந்தே இருக்கும். குளிர்ந்த ரேடியேட்டரில் உட்கார்ந்திருக்கும் சுவிட்ச் விசிறியை ஏன் போடப்போகிறது? விசிறி சுற்றாததற்குக் காரணம் விசிறியே அல்ல. இங்கே விசிறியை மாற்றுவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. மேல் ஹோஸ் கொதிக்கிறது, கீழ் ஹோஸ் சில்லென்றிருக்கிறது என்று தெரிந்துகொள்ள எந்தக் கருவியும் வேண்டாம். கையில் ஒரு துணியும் கொஞ்சம் கவனமும் போதும்.

விசிறி சுற்றுகிறது, ஆனாலும் கொதிக்கிறது என்பதும் உண்டு. ரிப்பேரின்போது இரண்டு வயர்களும் இடம் மாறிப்போய் விசிறி எதிர்த்திசையில் சுற்றுவது நடக்கிற காரியம்தான். ஒரு காகிதத்தை ரேடியேட்டரின் முன்பக்கம் பிடித்தால், உள்பக்கம் இழுக்கிறதா, தள்ளுகிறதா என்று தெரிந்துவிடும். ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் உள்ள சந்தில் தூசும், பூச்சியும், சாலையில் உலர்த்தும் தானியத்தின் உமியும் சேர்ந்து கம்பளி போல அடைத்திருந்தாலும் காற்று போகாது. முன்னாலிருந்து பார்த்தால் இது தெரியவே தெரியாது.

முள் சொல்லும் பொய்

வெப்பத்தைக் காட்டும் முள்ளை முழுவதும் நம்பியிருப்பதும் ஆபத்து. கூலண்ட் கொட்டிப் போய்விட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும். அப்போது இன்ஜின் வெந்துகொண்டிருக்க, முள் கீழே இறங்கலாம். விசிறியும் நின்றுவிடலாம். "முள் இறங்கிடுச்சு, இனி பயமில்லை" என்று நினைத்து ஓட்டிய பத்து நிமிடத்தில் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். நன்றாக ஏறியிருந்த முள் காரணமின்றித் திடீரென்று விழுந்தால், அது நல்ல செய்தி அல்ல.

அந்த முள்ளும் இப்போது பல சிறிய கார்களில் இல்லை. நீல விளக்கு எரிந்தால் குளிர்ச்சி, சிவப்பு எரிந்தால் ஆபத்து, அவ்வளவுதான். நடுவில் உள்ளதெல்லாம் இருட்டு. முள் இருந்தால், "வழக்கத்தைவிடக் கொஞ்சம் மேலே நிற்கிறதே" என்று ஒரு வாரம் முன்பே தெரிந்திருக்கும். விளக்கோ, வீடு பற்றி எரியும்போதுதான் மணி அடிக்கிறது. தொடுதிரையும் பாட்டும் கொடுக்கிற காரில் ஒரு முள்ளுக்கு இடமில்லை என்பதை ஏற்றுக்கொள்ள முடியாது. வாங்குபவர்கள் கேட்டால்தான் கொடுப்பார்கள்.

எனவே சிவப்பு விளக்கு வந்தால், "அடுத்த பெட்ரோல் பங்க் வரை" என்ற பேச்சே கூடாது. ஏ.சி.யை அணைத்து ஓரம் கட்ட வேண்டும். ஆவி வந்தால் இன்ஜினை உடனே நிறுத்திவிட வேண்டும். மூடியைத் தொடவே கூடாது. குக்கரில் வெயிட்டை எடுக்காமல் மூடியைத் திறந்தால் என்ன ஆகும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். காரின் மூடிக்கும் அதே கதிதான், முகம் வெந்துவிடும். அரைமணி முதல் முக்கால் மணி நேரம் பொறுத்த பிறகே திறக்கலாம். இன்ஜின் நின்றிருந்தாலும் சில கார்களில் விசிறி தானாகச் சுற்றத் தொடங்கும், கையை அருகில் கொண்டுபோகக் கூடாது. கொதிக்கும் இன்ஜினுக்குள் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம்.

மூன்று பழக்கங்கள்

சாலையோர வைத்தியங்கள் எங்கிருந்து வந்தன? அவை ஒரு காலத்தில் பொருந்தியவை. அம்பாசடரில் விசிறியை இன்ஜினே பெல்ட் மூலம் சுற்றியது. பெல்ட் அறுந்தால் ஒழிய விசிறி நிற்காது. சென்சாரும் இல்லை, ரிலேயும் இல்லை. தண்ணீர் குறைந்தால் ஊற்றுவதுதான் வைத்தியம். மலை ஏறும்போது டிக்கியில் ஒரு கேன் தண்ணீர் கட்டாயம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதில் இன்ஜின் குறுக்குவாட்டில் வைக்கப்பட்டிருந்ததால், பெல்ட்டால் விசிறியைச் சுற்ற வசதியில்லை. ரேடியேட்டர் விசிறி மின்சாரத்துக்கு மாறியது. அம்பாசடர் தயாரிப்பு 2014 மே மாதத்தில் நின்றே போய்விட்டது. அதற்குச் செய்த வைத்தியம் மட்டும் நிற்கவில்லை.

முதல் பழக்கம், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. அது குளிர்நாட்டுக்காரர்களுக்குத்தான் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. அது இல்லாவிட்டால் இன்ஜின் தேவையான சூட்டுக்கு வர வெகுநேரம் ஆகும். இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்துக் கணினி கூடுதல் பெட்ரோலை ஊற்றும். மைலேஜ் குறையும், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கும். இதைவிட மோசம், சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்தான் சூடான கூலண்ட் ரேடியேட்டரைத் தவிர்த்துச் சுற்றும் குறுக்கு வழியையும் அடைக்கிறது. அதைக் கழற்றினால் கொதிப்பு குறைவதற்குப் பதில் கூடும்.

இரண்டாவது, விசிறிக்கு நேரடி லைன். சாவியைத் திருப்பியதும் விசிறி ஓடிக்கொண்டே இருக்கும். அன்றைக்குப் பிரச்சினை தீர்ந்தது போலத் தெரியும். ஆனால் உண்மையான கோளாறு உள்ளே மறைந்துவிடுகிறது, மோட்டார் சீக்கிரம் தேய்கிறது. ஃபியூஸும் ரிலேயும் இல்லாமல் மெல்லிய வயரில் இழுத்திருந்தால் வயர் உருகித் தீப்பிடிக்கவும் வழியுண்டு. ஊர் போய்ச் சேர ஓர் அவசரத்துக்கு இதைச் செய்யலாம். அதையே நிரந்தரமாக வைத்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது, போர் தண்ணீர். பாறைப் பகுதியான இந்த மாவட்டத்தில் பல ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீர் உப்புத் தண்ணீர். வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிவது எதுவோ அதுவேதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. அண்டாவைத் தேய்த்துக் கழுவலாம், ரேடியேட்டரை அப்படிக் கழுவ முடியாது. கூலண்டில் இருப்பது கொதிநிலையை ஏற்றும் திரவம் மட்டுமல்ல, துரு பிடிக்காமல் தடுக்கும் மருந்துகளும்தான். வாரம் ஒருமுறை போர் தண்ணீர் ஊற்றி நிரப்பினால் அந்த மருந்து நீர்த்துப்போகும். ஓர் அவசரத்துக்கு ஊற்றினால் தவறில்லை. பிறகு அதை வடித்து, டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் சேர்த்து நிரப்பிவிட வேண்டும்.

கண்டுபிடிப்பதற்குக் கூலி எங்கே?

மேலே சொன்ன சோதனைகளுக்கு என்ன தேவை? சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லாம்ப், ஒரு பாத்திரத்தில் வெந்நீர், ஒரு மணி நேரம். 2013 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்பனையாகும் புதிய கார்களுக்கு ஓ.பி.டி. 2 என்ற தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் வசதி கட்டாயம். ஸ்டியரிங்கின் கீழே உள்ள சாக்கெட்டில் ஒரு சிறு கருவியைச் செருகினால் கணினி எண்ணிட்டுப் புகார் சொல்லும். பி 0480 என்றால் விசிறியின் மின்சுற்றில் கோளாறு. பி 0118 என்றால் வெப்ப சென்சார் சுற்று அறுந்திருக்கலாம். பி 0128 என்றால் இன்ஜின் சூடேற வேண்டிய அளவுக்கு ஏறவில்லை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்த காரில் வரக்கூடிய புகார் இதுதான்.

இவற்றில் எதுவும் ராக்கெட் அறிவியல் அல்ல. ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு படித்த பையனுக்கு இவை புரியும். படிக்காமல் பத்து வயதிலிருந்து கிரீஸில் வளர்ந்த மெக்கானிக்குக்கு இன்னும் நன்றாகப் புரியும். பிறகு ஏன் செய்வதில்லை?

விடை பில்லில் இருக்கிறது. சாதாரண ஒர்க்‌ஷாப் பில்லில் என்ன எழுதியிருக்கும்? ஃபேன் அசெம்பிளி இவ்வளவு, கூலண்ட் இவ்வளவு, லேபர் இவ்வளவு. "ஒரு மணி நேரம் தேடிக் கோளாறைக் கண்டுபிடித்ததற்கு" என்று ஒரு வரி இருக்காது. எழுதினால் வண்டிக்காரர் சண்டைக்கு வருவார். "பாத்ததுக்கெல்லாம் காசா?" என்பார். ஒரு மெக்கானிக் ஒரு மணி நேரம் மீட்டரோடு குனிந்து கிடந்து, கடைசியில் துருப்பிடித்த ஓர் எர்த் வயரைச் சுரண்டி மாட்டிவிட்டு 500 ரூபாய் கேட்டால் ஏமாற்றுக்காரர். அவரே எதையும் சோதிக்காமல் பல ஆயிரம் ரூபாய் விசிறியை மாற்றிவிட்டு, அதில் கமிஷனும் எடுத்துக்கொண்டால் நல்ல மெக்கானிக். கையில் ஒரு பொருள் வந்திருக்கிறதல்லவா?

மூளைக்குக் கூலி இல்லை, பொருளுக்குத்தான் கூலி என்றால், தொழில் தெரிந்தவரும் பொருளைத்தான் விற்பார். அவருக்கும் கடை வாடகை இருக்கிறது, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் இருக்கிறது. டாக்டர் நாடி பார்த்து, "ஒன்றுமில்லை, மூன்று நாள் ஓய்வெடுங்கள்" என்று சொன்னால் ஃபீஸ் கொடுத்துவிட்டு நிம்மதியாக வருபவர்கள், மெக்கானிக் "ஒன்றுமில்லை, ஃபியூஸ்தான்" என்று சொன்னால் பைசா கொடுக்காமல் கிளம்புகிறார்கள். அடுத்த முறை அந்த மெக்கானிக் "ஒன்றுமில்லை" என்று சொல்வாரா?

நஷ்டம் யாருக்கு? சொந்தக் காரை வாரம் ஒருமுறை எடுப்பவருக்குச் சில ஆயிரம் ரூபாய். கடன் வாங்கிக் கால் டாக்சி ஓட்டுபவருக்கு அது பிழைப்பு. முதல் தடவை விசிறி மாற்றுகிறார். அடுத்த மாதம் மீண்டும் கொதிக்கிறது, ரேடியேட்டர் மாற்றுகிறார். மூன்றாவது தடவை ஹெட் வளைந்து இன்ஜின் இறங்குகிறது. வண்டி பதினைந்து நாள் ஷெட்டில் நிற்கும், மாதத் தவணை நிற்காது. இத்தனைக்கும் மூலகாரணம் ஒரு மூடியாகவோ, ஒரு கனெக்டராகவோ இருந்திருக்கலாம்.

"கண்டுபிடிக்கவே முடியாமல் காசு மட்டும் வாங்கிக்கொண்டால்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கும் வழி இருக்கிறது. சோதனைக் கட்டணத்தை முதலிலேயே பேசிக்கொள்ளலாம். அங்கேயே வேலை செய்தால் அதைக் கூலியில் கழித்துக்கொள்ளலாம். எதைச் சோதித்தார், என்ன அளவு வந்தது என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லலாம். மாற்றிய பழைய பொருளைத் திரும்பக் கேட்கலாம். "ஏன் இதை மாற்ற வேண்டும், எப்படித் தெரிந்தது?" என்று ஒரு கேள்வி கேட்டாலே போதும். சோதித்தவர் காட்டுவார், சோதிக்காதவர் கோபப்படுவார். சேவைக் குறைபாட்டுக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, ஆனால் அதற்கும் கையில் பில் வேண்டும். பில் இல்லாமல் வேலை செய்தால் பணம் மிச்சம் என்று நினைப்பவர்கள் அந்த உரிமையைத் தாங்களே விட்டுக்கொடுக்கிறார்கள்.

மெக்கானிக் பக்கமும் ஒரு கடமை உண்டு. தெரியாததைத் தெரியாது என்று சொல்வது அவமானம் அல்ல. "இது எலக்ட்ரிக்கல் வேலை, இன்னாரிடம் காட்டுங்கண்ணா" என்று அனுப்பி வைப்பவரைத் தேடி வாடிக்கையாளர் மீண்டும் வருவார்.

திருவண்ணாமலை அக்னித் தலம். நெருப்பு மலை உச்சியில் எரிவதைப் பார்க்கத்தான் அத்தனை கூட்டமும் வருகிறது, பானட்டுக்கு அடியில் எரிவதைப் பார்க்க அல்ல. அடுத்த பௌர்ணமிக்கும் வேலூர் சாலையோரம் ஏதோ ஒரு கார் ஆவி விட்டுக்கொண்டு நிற்கும். அப்போது கூடும் நால்வரில் ஒருவராவது, "எப்பண்ணா ஏற ஆரம்பிச்சுது, நிக்கும்போதா, ஓடும்போதா?" என்று கேட்கட்டும். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர் ஒர்க்‌ஷாப்காரராக இருந்தால், அதற்கான கூலியை டிரைவர் முகம் சுளிக்காமல் கொடுக்கட்டும். அவர் பெற்றுக்கொண்ட வேலைகளிலேயே மலிவான வேலை அதுவாகத்தான் இருக்கும்.